தோட்டத்துப் புள்ளைங்களுக்காக ஏதாவது செய்யணும்னு கொழும்புல இருந்து கெளம்புறவங்களுக்கு

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் டிசம்பர் வந்தா எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். கொட்டாஞ்சேனையில இருந்து, வெள்ளவத்தையில இருந்து, வத்தளையில இருந்து, எல்லாருமே நல்ல மனசுள்ள ஆக்கள்தான், கேக்கிறதும் ஒரே கேள்விதான். "அண்ணன், நாங்க ஒஃபிஸ்ல சல்லி சேத்திருக்கோம், ஒரு லொறி சாமான் எடுத்துட்டு அட்டன் பக்கம் போகலாம்னு இருக்கோம், எந்தத் தோட்டத்துக்குப் போனா நல்லம்?"

நான் மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவன். ஏ.எல். முடிச்சுட்டு கொழும்புக்கு வந்து புறக்கோட்டையில ஒரு மொத்தக் கடையில கணக்கு எழுதுறேன். 2022ல இருந்து நாங்க அஞ்சு பேர் சேந்து ஒரே ஒரு தோட்டத்துல, அதுலயும் ஒரே ஒரு டிவிஷன்ல, சின்னப் புள்ளைங்களோட சாப்பாடும் அம்மாமாரோட வருமானமும் கொஞ்சம் சரியாகணும்னு வேலை செய்றோம். போன்ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நீங்க புதுசா தொடங்குறீங்கன்னா நாங்க செஞ்ச பிழைகளை திரும்பச் செய்யாம இருக்க இது உதவும்.

இந்தச் சாமான் பார்சலைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். வெள்ளம், மண்சரிவுன்னு வரும்போது பார்சல் உயிரைக் காப்பாத்தும், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா புள்ள மெலிஞ்சு போறது ஒரு நாள்ல நடக்குற விஷயம் இல்ல. 2016ல அரசாங்கம் செஞ்ச குடித்தொகை சுகாதார ஆய்வுல, இலங்கையில அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்கள்ல நூத்துக்கு 17 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லாம இருந்தாங்க. தோட்டப்புறத்துல மட்டும் பாத்தா அது 32 கிட்ட. அதுக்குப் பிறகுதான் 2022 வந்துச்சு. அந்த செப்டம்பர்ல கொழும்புல சாப்பாட்டுச் சாமான் விலை, முந்தின வருஷத்தை விட 94.9 வீதம் கூடியிருந்துச்சு. கொழும்புல சம்பளம் எடுக்கிற நாங்களே பருப்பை எண்ணிப் போட்ட காலம் அது, நாட்கூலிக்கு கொழுந்து எடுக்கிற வீட்டுல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இந்த உயரக் குறைவு பெரும்பாலும் வயித்துல இருக்கிற காலத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள நடந்து முடிஞ்சிருது, ஆயிரம் நாள்னு சொல்றது அதைத்தான், அதுக்குப் பிறகு புடிச்சுத் தூக்குறது ரொம்பக் கஷ்டம். பத்து நாளைக்கு வர்ற பார்சல் அந்த ஆயிரம் நாள்ல எவ்வளவுக்கு வரும்?

அதனால எங்கிட்ட கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது, ஒரு இடத்தை எடுங்க, ஒரு வருஷம் அந்த இடத்தை விடாதீங்க, முதல் தடவை கைல ஒண்ணுமே கொண்டு போகாதீங்க.

வெறுங்கையோட போற முதல் பயணம்

கொழும்புல இருந்து அட்டனுக்கு பஸ்ல நாலு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு பஸ், அதுக்கு மேல த்ரீவீல் இல்லாட்டி நடை. ஒரே நாள்ல போயிட்டு வந்தா ஒண்ணும் விளங்காது, ஒரு ராத்திரி அங்க தங்குற மாதிரி போங்க. முடிஞ்சா கிழமை நாள்ல லீவு போட்டுட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை போனா எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, வேலை நாள்ல அந்தப் புள்ளைய யார் பாத்துக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியவே வராது.

முதல்ல பாக்க வேண்டியது மிட்வைஃப் மிஸ்ஸை. குடும்பநல உத்தியோகத்தர்னு போர்ட்ல இருக்கும், தோட்டத்துல எல்லாருக்கும் அவங்க மிஸ்தான். எந்த வீட்டுல யாரு கர்ப்பம், எந்தப் புள்ளைக்கு நிறை ஏறல, எந்த வீட்டுல அப்பா குடிக்கிறாரு, எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஆனா நீங்க நேரா போயி கேட்டா அவங்களால வீட்டு விஷயம் எதையும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதுக்கு முதல்ல அந்தப் பிரதேசத்து எம்.ஓ.ஹெச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸுக்கு ஒரு கடிதம் குடுங்க, நாங்க யாரு, எத்தனை பேரு, என்ன செய்ய நினைக்கிறோம், எவ்வளவு காலம்னு ஒரு பக்கத்துக்குள்ள. டொக்டரைப் பாத்துக் கதைங்க. அவர் சரின்னு சொன்னா மிஸ் உங்களுக்குப் பாதி வழி காட்டிருவாங்க.

அடுத்தது தோட்ட நிர்வாகம். தோட்டத்துக்குள்ள கூட்டம் வைக்கிறதுக்கும் கோழிக்கூடு கட்டுறதுக்கும் அவங்க அனுமதி வேணும், நலன்புரி உத்தியோகத்தர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரைப் பிடிங்க. கிராம உத்தியோகத்தரையும் கண்டு சொல்லிட்டு வாங்க. தொழிற்சங்கத் தலைவர்மார், கோயில் கமிட்டி, இவங்களையும் ஒரு வார்த்தை பாத்துட்டு வந்தா பின்னால கரைச்சல் இல்ல. இதுக்கே ரெண்டு பயணம் போயிரும், போகட்டும்.

முக்கியமா பிள்ளைக்காம்பராவுக்குப் போங்க. அம்மாமார் காலையில புள்ளைய அங்க விட்டுட்டுத்தான் மலைக்குப் போறாங்க. அங்க இருக்கிற ஆயாம்மாகிட்ட ஒரு பகல் பூரா உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க, ஒண்ணும் கேக்காதீங்க, எழுதாதீங்க.

கிளினிக் கொப்பியை வாசிக்கப் பழகுங்க

ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு இருக்கு, ஆம்பளப் புள்ளைக்கு நீலம், பொம்பளப் புள்ளைக்கு ரோஸ். அதுக்குள்ள மாசம் மாசம் நிறையைப் புள்ளி வச்சு கோடு இழுத்திருப்பாங்க. பச்சைப் பகுதி, அதுக்குக் கீழ செம்மஞ்சள், அதுக்கும் கீழ சிவப்பு. புதுசா பாக்கிறவங்க எந்த நிறத்துல புள்ளி இருக்குன்னு மட்டும்தான் பாப்பாங்க. நீங்க கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. செம்மஞ்சள்ல இருந்தாலும் கோடு மேல ஏறிட்டு இருந்தா அந்தப் புள்ள தேறி வருது. பச்சைக்குள்ள இருந்தாலும் ரெண்டு மூணு மாசமா கோடு படுத்துட்டா அந்த வீட்டுலதான் இப்ப ஏதோ நடக்குது, முதல்ல போக வேண்டியது அங்கதான்.

எங்க டிவிஷன்ல ஒரு பதினொரு மாசக் குழந்தையோட கொப்பியைப் பாத்தேன். ஆறு மாசம் வரைக்கும் கோடு அழகா ஏறியிருக்கு. ஏழாவது மாசத்துல இருந்து நேரா படுத்துருச்சு. அம்மாகிட்ட கேட்டா, "நல்லாத்தான் சாப்பிடுறான் அண்ணன், மூணு வேளையும் குடுக்கிறோம்"ங்கிறாங்க, பொய்யும் சொல்லல. அம்மா ஆறாம் மாசம் முடிய திரும்ப வேலைக்குப் போயிட்டாங்க, பகல்ல அப்பாயிதான் பாத்துக்கிறாங்க, அப்பாயி பருப்புத்தண்ணிய மட்டும் வடிச்சு சோத்துல ஊத்தி கரைச்சு ஊட்டுறாங்க. பருப்பு சட்டியிலயே இருக்கு. தண்ணியா குடுத்தாத்தான் செமிக்கும்னு அவங்களுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்தது. வயிறு நிறைஞ்சிருது, சத்து போகல. ஒரு சதம் செலவில்லாம அந்த வீட்டுல மாத்தின விஷயம் ரெண்டுதான், பருப்பையும் சேத்து மசிக்கிறது, கரண்டியைச் சாய்ச்சா சட்டுன்னு வழியாத அளவுக்குக் கெட்டியா வைக்கிறது. மூணாம் மாசம் மிஸ் அந்தக் கோட்டை எனக்கு விரலால காட்டினாங்க, நான் அந்தக் கொப்பியை ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தேன்.

நிறை பாக்கிறது மிஸ்ஸோட வேலை, நீங்க தனியா தராசு கொண்டு போயி போட்டி கிளினிக் நடத்தாதீங்க. கைச்சுற்று அளக்கிற நாடாவை மட்டும் எப்பிடிப் பாவிக்கிறதுன்னு அவங்ககிட்டயே பழகிக்கங்க. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள புள்ளைக்கு இடது கையில, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல, கையைத் தொங்க விட்டு, இறுக்காம அளக்கணும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழன்னா அது கடுமையான மெலிவு, அன்னிக்கே மிஸ்ஸுக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், நீங்க முட்டை வாங்கிக் குடுத்து சரியாக்குற விஷயம் இல்ல அது. 11.5க்கும் 12.5க்கும் நடுவுலன்னா கிளினிக்ல பதிஞ்சு கவனிக்க வேண்டிய புள்ள. ரெண்டு காலும் வீங்கியிருந்தா நாடா என்ன சொன்னாலும் பரவாயில்ல, உடனே ஆஸ்பத்திரி.

அடுப்படிக்குள்ள போகும்போது

இதுதான் பெரிய வேலை, இதுலதான் கொழும்பு ஆக்கள் நிறைய பிழை விடுறதும். போஷாக்குன்னு சொல்லிட்டு ஒரு பெரிய சார்ட்டைக் கொண்டு போயி சுவத்துல ஒட்டி அப்பிள், தோடம்பழம், மீன் துண்டுன்னு காட்டினா அந்த அம்மா தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயி ரொட்டிதான் சுடப்போறாங்க. ஏன்னா காலையில நாலு மணிக்கு எழும்பி, பீலிக்குப் போயி தண்ணி எடுத்து, எல்லாருக்கும் கட்டிக் குடுத்துட்டு பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியுற இடத்துக்கு ஓடணும், லேட் ஆனா அரைப்பேர், அரை நாள் சம்பளம் ஆகிரும்ங்கிற பயம். கோதுமை மா ரொட்டி வயித்துல நிக்கும், கையில புடிச்சிட்டே சாப்பிடலாம், மாவுக்குக் கடையில கடன் குடுப்பாங்க. அதுக்கெல்லாம் காரணம் இருக்கு, அதை மதிங்க.

அதனால சாப்பாட்டை மாத்தச் சொல்லாதீங்க, அதே சாப்பாட்டுக்குள்ள என்ன சேக்கலாம்னு பாருங்க. எங்களுக்கு நல்லா வேலை செஞ்சது நெத்தலித் தூள். காஞ்ச நெத்தலிய ரெண்டு தண்ணியில ஊற வச்சு உப்பைப் போக்கி, தலையைக் கிள்ளிட்டு, துணியில துடைச்சு வெயில்ல காய வச்சு, பிறகு சின்ன நெருப்புல எண்ணெய் இல்லாம மொறுமொறுன்னு வறுத்து, ஆற விட்டு அம்மியிலயோ உரல்லயோ தூளாக்கி, ஈரமில்லாத ஹோர்லிக்ஸ் போத்தல்ல போட்டு மூடி வைக்கிறது. ஒரு தேக்கரண்டி எடுத்து புள்ளையோட சோத்துல பிசைஞ்சா போதும், முள்ளோட அரைபடுறதால கல்சியமும் சேந்து வருது. முதல் தடவை இதை நான் செஞ்சு காட்டல, அந்த லயத்துலயே கைப்பக்குவம் உள்ள ஒரு அக்காவை வச்சு அவங்க அடுப்புல செய்ய வச்சோம், பாத்தவங்க மறுநாளே செஞ்சாங்க. நான் செஞ்சு காட்டியிருந்தா கைதட்டிட்டுப் போயிருப்பாங்க.

முட்டைய தண்ணியில கரைச்சு ரொட்டி மாவுலயே ஊத்திப் பிசையலாம். கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை, எது கிடைக்குதோ அதைப் பொடியா அரிஞ்சு ரொட்டியிலயே போடலாம், தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போட்டா புள்ள விரும்பிச் சாப்பிடும். ஆறு மாசக் குழந்தைக்கு சோறு ரெண்டு பிடி, பருப்பு ஒரு பிடி, கரட்டோ பூசணியோ ஒரு துண்டு, எல்லாத்தையும் ஒண்ணா வேக வச்சு மசிச்சு, கடைசியில ஒரு தேக்கரண்டி தேங்கா எண்ணெய். சின்ன வயித்துக்கு எண்ணெய் முக்கியம், கொஞ்சமா சாப்பிட்டாலும் பலம் சேரும்.

ஒரு கணக்கு சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் உள்ள புள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு வகையில அஞ்சு வகையாவது சேரணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தாய்ப்பால் ஒரு வகை. சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் சேத்து ஒரே வகைதான். பிறகு பருப்பு, பயறு, கௌபி, கச்சான் மாதிரி. பால், தயிர். மீன், இறைச்சி, கருவாடு. முட்டை. மஞ்சள் நிறக் காய் பழமும் கடும் பச்சைக் கீரையும். மத்த மரக்கறி பழம். நீங்க போற வீட்டுல நேத்து புள்ள என்ன சாப்பிட்டுச்சுன்னு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சும்மா கதை மாதிரி கேட்டு விரல்ல எண்ணுங்க. நாங்க தொடங்கும்போது பல வீட்டுல மூணு விரலோட நின்னுச்சு.

பிளேன்டீ. இதை எழுதும்போது எனக்கே மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஏன்னா நானும் அதுல ரொட்டி தொட்டுச் சாப்பிட்டுத்தான் வளந்தேன், தேயிலை எங்க வாழ்க்கையே. ஆனா சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா கீரையில பருப்புல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சரியா ஒட்டாது. சின்னப் புள்ளைக்கு அது தேவையே இல்ல. நிப்பாட்டுங்கன்னு ஒரேயடியா சொன்னா அப்பாயிமாருக்குக் கோவம் வரும், கர்ப்பமான அக்காமாருக்கும் பெரிய ஆக்களுக்கும் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்கன்னும், புள்ளைக்கு சோத்துல தேசிக்கா புளி ரெண்டு சொட்டு விட்டுக் குடுங்கன்னும் சொல்லுங்க, தேசிக்கா இரும்புச்சத்தை இழுத்துக் குடுக்கும்.

கொழும்புல இருந்து பால்மா டின், புட்டிப் போத்தல் கொண்டு போகவே போகாதீங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், பிறகு சாப்பாட்டோட சேத்து ரெண்டு வயசும் அதுக்கு மேலயும் தாய்ப்பால். டின் முடிஞ்ச அன்னிக்கு அந்த அம்மாவுக்குப் பாலும் வத்தியிருக்கும், இன்னொரு டின் வாங்க சல்லியும் இருக்காது. பீலித் தண்ணியில கழுவின போத்தலால வயித்தோட்டம் வேற. கிரீம் பிஸ்கட்டும் டொபியும் அப்பிடித்தான், அன்னைக்கு புள்ள சிரிக்கும், சாப்பாட்டு நேரத்துக்குப் பசி இருக்காது.

திரிபோஷ எங்க போகுதுன்னு கேளுங்க

1973ல இருந்து இந்த நாட்டுல திரிபோஷ குடுக்கிறாங்க. சோளமும் சோயாவும் விட்டமினும் சேந்த மா, ஒரு பெக்கட் 750 கிராம். கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிற அம்மாவுக்கும் நிறை குறைஞ்ச புள்ளைக்கும் கிளினிக்ல கிடைக்கும். ஒரு நாளைக்கு 50 கிராம்னு வச்சா ஒரு பெக்கட் பதினஞ்சு நாள் வரணும். வீட்டுல ஆறு பேர் இருந்தா மூணு நாள்ல முடிஞ்சிரும், ஏன்னா பெரிய புள்ளைங்களும் பசியோட ஸ்கூல்ல இருந்து வருது, அதுங்களுக்கு இல்லன்னு எந்த அம்மா சொல்லுவாங்க? இதுக்காக அம்மாவைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசாதீங்க. பெரிய புள்ளைக்கு சாயங்காலம் சாப்பிட வேற என்ன இருக்குன்னு பாருங்க, அவிச்ச கௌபி, கடலை, மரவள்ளி, அது இருந்தா திரிபோஷ தானா சின்னதுக்கு மிஞ்சும். ஏற்கனவே வேக வச்ச மாதான் அது, திரும்பக் காய்ச்சிக் கஞ்சியாக்கணும்னு இல்ல, கொதிச்சு ஆறின தண்ணியோ தேங்காய்ப்பூவோ சேத்துப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் குடுக்கலாம்.

வயித்தோட்டம் வந்தா கரைச்சுக் குடுக்கிற ஜீவனித் தூள், ஒரு லீட்டர் கொதிச்சாறின தண்ணிக்கு ஒரு பெக்கட், தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிப்பாட்டக் கூடாது. காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு கிழமைக்கு ஒரு வேளை கூடக் குடுக்கணும். குடிதண்ணிய கொதிக்க வைக்கிறதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுறதும் எல்லாருக்கும் தெரியும், விறகும் சவர்க்காரமும் வாங்க வசதி இருக்கான்னுதான் பாக்கணும்.

வருமானம்: கோழி குடுக்க முதல்ல வீட்டுல உள்ள கடனைப் பத்திக் கேளுங்க

சாப்பாடு சொல்லிக் குடுத்தா மட்டும் போதாது. நெத்தலி வாங்கக் காசு வேணும். ஆனா சுயதொழில்னு சொல்லி எதையாவது குடுக்க முதல்ல அந்த வீட்டுல எத்தனை கடன் இருக்குன்னு தனியாக் கூப்பிட்டு மெதுவாக் கேளுங்க. கிழமைக் கட்டுக்குக் குழுக்கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, கடன் வசூலிக்கிற கலெக்டர் வர்ற நாள்ல கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கிற அக்காமார் மலைநாட்டுலயும் வடக்கு கிழக்குலயும் எத்தனையோ பேர். 2018ல அரசாங்கமே வரட்சியால பாதிச்ச மாவட்டங்கள்ல பெண்களோட சின்னக் கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்துச்சு. அப்பிடி ஒரு வீட்டுக்கு நீங்க இன்னொரு கடனைக் கொண்டு போனா, எவ்வளவு குறைஞ்ச வட்டியா இருந்தாலும் சரி, புள்ளையோட தட்டுல இருந்துதான் அது கட்டப்படும். நாங்க கடன் குடுக்கிறதே இல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் சேந்து கிழமைக்கு நூறு ரூபா போடுற சீட்டுப் பெட்டி மட்டும் இருக்கு, சாவி ஒருத்தர்கிட்ட, பெட்டி இன்னொருத்தர்கிட்ட, கணக்குக் கொப்பி மூணாவது ஆள்கிட்ட. ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதல்ல அதுல இருந்துதான் எடுக்கிறாங்க.

அடுத்தது கிடைக்க வேண்டியது கிடைக்குதான்னு பாருங்க. அரசாங்கத்தோட அஸ்வெசும உதவிப்பணம் 2023ல வந்தப்போ அடையாள அட்டை இல்லாம, பேங்க் கணக்கு இல்லாம, ஃபோர்ம் விளங்காம எத்தனையோ குடும்பம் விடுபட்டுப் போச்சு. கர்ப்பிணிகளுக்குப் போஷாக்குக் கொடுப்பனவு இருக்கு, பதியாம விட்டவங்க இருப்பாங்க. கொழும்புல ஒஃபிஸ்ல இருந்து சிங்களத்துல ஃபோர்ம் நிரப்பிப் பழகின உங்களால அரை நாள்ல பத்து வீட்டுக்கு இதைச் செஞ்சு குடுக்க முடியும். அம்மா பேர்ல ஒரு கணக்கு திறந்து குடுங்க, அது முக்கியம்.

இப்ப கோழி. முதல் வருஷம் நாங்க அம்பது குஞ்சு வாங்கிப் பத்து வீட்டுக்குக் குடுத்தோம். வித்த ஆள் ஊசி போட்டாச்சுன்னு சொன்னாரு, நாங்களும் நம்பிட்டோம். ஆறு கிழமையில கழுத்து திருகி, பச்சையாக் கழிஞ்சு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா செத்துச்சு, ரானிக்கெட்ங்கிற கோழி நோய். ஒரு வீட்டுல சின்னப் பொண்ணு ஒண்ணு செத்த கோழிய சேலைத் துணியில சுத்தி வச்சுட்டு எங்ககிட்ட குடுத்தா, நாங்க ஏதாவது செஞ்சு எழுப்பிருவோம்னு நினைச்சுட்டு. அன்னிக்கு ராத்திரி பஸ்ல வரும்போது நாங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசல. அதுக்குப் பிறகு முறைய மாத்திட்டோம். முதல்ல அரசாங்க கால்நடை வைத்தியர்கிட்டப் போயி தடுப்பூசி நாளை எழுதி வாங்குறது. அடுத்தது கூடு. தரையில இருந்து இடுப்பளவு உயரத்துல, கீரியும் மரநாயும் நுழையாத கம்பி வலை, மழை அடிக்காத தகரம். கூடு கட்டி முடிச்ச வீட்டுக்கு மட்டும்தான் கோழி, அதுவும் குஞ்சு இல்ல, முட்டை விடப்போற பருவத்துப் பேடு நாலோ அஞ்சோ. குஞ்சுன்னா முட்டையைக் காண அஞ்சாறு மாசம் ஆகும், அதுவரைக்கும் தீனி போட அந்த வீட்டால முடியாது.

நாங்க ஒரே ஒரு நிபந்தனை வச்சோம், அதை எழுதி வாங்கல, லயத்துல எல்லார் முன்னாலயும் வாயால சொல்லிக்கிட்டோம்: அன்னிக்கு விட்ட முதல் முட்டை வீட்டுல உள்ள சின்னப் புள்ளைக்கு, ரெண்டாவது கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு, மிச்சம் விக்கிறதுக்கு. ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, மாடு வளக்கிற வீட்டுல நான் பாத்திருக்கேன், விடிய முதல் முழுப் பாலும் கேன்ல சேகரிப்பு நிலையத்துக்குப் போயிருது, அந்த வீட்டுப் புள்ள பிளேன்டீ குடிச்சிட்டு இருக்கு. பால் வித்த காசுல மாவும் சீனியும் வருது, சில வீட்டுல சாராயமும். வருமானம் கூடிச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதலாம், புள்ளையோட கோடு படுத்தேதான் கிடக்கும். மாடு உள்ள வீட்டுல முதல்ல ஒரு கோப்பை அளந்து எடுத்து வச்சுட்டுத்தான் கேன், இதை அம்மாகிட்ட மட்டும் இல்ல, அப்பாகிட்டயும் உக்காந்து கதைங்க. அப்பாமார் கேப்பாங்க, நாங்க நினைச்சதை விட நல்லாவே கேட்டாங்க.

தோட்டம் போடுங்கன்னு சொல்றது லேசு, லயத்துக்கு முன்னால நிலம் எங்க இருக்கு? இருக்கிற ரெண்டடியில உரப்பேக்குல மண்ணும் மாட்டெருவும் நிரப்பி அடுக்குங்க. பழைய பேக்னா நல்லாக் கழுவணும். கீரை ஒரு மாசத்துக்குள்ள வெட்டலாம், அம்மாமாருக்கு நம்பிக்கை வர்றதே அதுல இருந்துதான். முருங்கை முருங்கைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நுவரெலியா உயரத்துக்குக் குளிர்ல அது சரியா வராது, வல்லாரை, பீட்ரூட் இலை, மரத்தக்காளி இதெல்லாம் வரும். தேயிலைக்கு மருந்தடிச்ச ஓரத்துல கீரை பறிக்க வேணாம்னு சொல்லி வைங்க. எந்த மண்ணுக்கு என்னன்னு சந்தேகம் வந்தா விவசாயத் திணைக்களத்தோட 1920க்கு அடிச்சுத் தமிழ்லயே கேக்கலாம். காளான் பைகள் குளிர் இடத்துல நல்லா வருது, ஆனா முதல்ல கிட்டத்துல வாங்குற கடை ரெண்டையாவது பிடிச்சு வச்சுட்டுத் தொடங்குங்க, பறிச்ச மறுநாளே வாடிரும்.

எந்தத் தொழிலா இருந்தாலும் ஒண்ணை மட்டும் கேட்டுப் பாருங்க, இதுக்கு அந்த அம்மாவோட நேரம் எவ்வளவு போகும்? மலையில நின்னுட்டு வந்த உடம்பு. சாயங்காலம் புள்ளைய மடியில வச்சு ஊட்டுற அரை மணித்தியாலத்தை உங்க தொழில் தின்னுட்டா அது நட்டம்தான்.

வன்னிப் பக்கமோ மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கமோ போறீங்கன்னா ஒழுங்கு இதேதான், சாமான்தான் மாறும். அங்க முருங்கை வேலியிலயே இருக்கு, குளத்து மீன் இருக்கு, நிலமும் இருக்கு, வரட்சி மாசத்துல தண்ணிதான் இல்ல, அதனால கிணத்துல இருந்து தொடங்க வேண்டி வரும்.

ஃபோட்டோவும் கணக்கும்

சல்லி குடுத்தவங்க ஃபோட்டோ கேப்பாங்க. மெலிஞ்ச புள்ளையோட முகத்தை ஃபேஸ்புக்ல போடாதீங்க, எக்காரணத்துக்கும். அந்தப் புள்ள நாளைக்குப் பெரிசாகி கொழும்புல வேலைக்கு வரும், அந்தப் படம் அப்பவும் அங்க இருக்கும். கோழிக்கூட்டைப் போடுங்க, கீரைப் பேக்கைப் போடுங்க, பில்லைப் போடுங்க. வட்ஸ்அப் குரூப்ல மாசம் ஒரு தடவை எவ்வளவு வந்துச்சு எவ்வளவு போச்சுன்னு போட்டுட்டாலே அடுத்த மாசமும் ஆக்கள் குடுப்பாங்க. எங்க அஞ்சு பேர்ல மாசம் ரெண்டு பேராவது போயே ஆகணும்னு முறை வச்சிருக்கோம், போகாட்டி அங்க எல்லாம் மெதுவா நின்னுரும், இது எங்களுக்கு நடந்தது.

முதல் பயணத்துக்கு பையில ஒரு கொப்பி, பேனை, எம்.ஓ.ஹெச். கடிதத்தோட ரெண்டு பிரதி, குடை, நல்ல பிடிப்புள்ள சப்பாத்து. வெறுங்கைன்னு சொன்னது ஊருக்குக் குடுக்கிற சாமானைத்தான், தங்கப்போற வீட்டுக்கு மட்டும் ஒரு கிலோ பருப்பும் அரைக் கிலோ நெத்தலியும் புறக்கோட்டையிலயே வாங்கிட்டுப் போங்க, அங்க விலை கூட. உங்களுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் தருவாங்க, வேணாம்னு சொல்லாம உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிடும்போது பக்கத்துல அந்த வீட்டுச் சின்னப் புள்ளையோட கோப்பையில என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க.